இரண்டே முக்காலுக்கு ஒரு தெர்மாமீட்டர்

மார்கழி பிறந்ததும் மின்விசிறியை நிறுத்தினேன்.
அன்றிலிருந்து தூக்கமில்லை.
பதினொரு மாதமாய்த் தலைக்கு மேல்
அது அரைத்துக்கொண்டிருந்தது உறக்கத்தைத்தான்;
நான் காற்று என்று நினைத்திருந்தேன்.
வேறு காரணமும் உண்டு.
அதை இங்கே எழுதுவதாக இல்லை.

தென்னூரில் கதவைப் பூட்டிவிட்டு இறங்கினால்
தெருவே இல்லை.
பனி.
ஸ்கூட்டருக்குப் போட்ட உறைக்கு மேல்
இன்னோர் உறை.
ஒரு நாய் முதலில் குரைப்பாக வந்தது,
பிறகுதான் நாயாக.

மலைக்கோட்டையைக் காணோம்.
எந்தச் சந்தில் திரும்பினாலும்
தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிற பாறை.
இன்றைக்கு அதன் உச்சி விளக்கு மட்டும்
யாரோ ஆகாயத்தில் பீடி பற்றவைத்தது மாதிரி.

காந்தி மார்க்கெட்டில் ஊர் இருந்தது.
வெங்காய மூட்டை இறக்குகிறவர்களின்
வெற்று முதுகிலிருந்து ஆவி எழுந்தது.
அத்தனை பேருக்கும் வேர்க்கிறது,
எனக்கு மட்டும் குளிர்கிறது.
வெட்கமாக இருந்தது.
"ஓரம், ஓரம்" என்றார்கள்.
நகர்ந்தேன். மறுபடி நகர்ந்தேன்.
அப்படியே ஊரின் ஓரம் வரைக்கும் நகர்ந்திருப்பேன்,
மெயின்கார்டு கேட் பக்கத்தில்
ரோந்து ஜீப் நிற்காமல் இருந்திருந்தால்.

"எங்க சார், இந்நேரத்துல?"
நல்ல கேள்வி.
பதினோரு நாளாய் நானும் அதைத்தான்.
"மெடிக்கல் ஷாப்" என்று சொல்லிவிட்டேன்.
சொன்ன பொய்யை நடத்திக் காட்ட வேண்டுமே,
ஜீப் பின்னாலேயே மெதுவாக வருகிறது.
விடியவிடியத் திறந்திருக்கும் கடையில்
கண்ணாடிக்குள் முதலில் தென்பட்டதைக் கேட்டேன்.
தெர்மாமீட்டர்.
இருநூற்றுப் பத்து ரூபாய்.
"குழந்தைக்கா?" என்றான் கடைப்பையன்.
மீதிச் சில்லறையை எண்ணுவதுபோல் நின்றேன்.

காவிரிப் பாலத்தில் காவிரி இல்லை.
பாலமே பத்தடி பத்தடியாகத்தான் இருந்தது;
நான் போகப்போகக் கட்டிக்கொடுத்தார்கள்.
கீழே மட்டும் தண்ணீர்
தூக்கத்தில் பேசுகிறவள்போல்
ஒரு வாக்கியத்தையும் முடிக்காமல்.
மேட்டூரை இன்னும் மூடவில்லை.
கைப்பிடிச் சுவருக்கு வெளியே, பனிக்குள்,
தெர்மாமீட்டரை நீட்டிப் பிடித்தேன்.
பீப் என்றது.
எண் காட்டவில்லை.
லோ, என்றது.
லோ. அவ்வளவுதான்.
ஊருக்குக் காய்ச்சல் இல்லை.

திரும்பும் வழியில் சிந்தாமணியில்
ஏடிஎம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் ஒரு மஃப்ளர், மஃப்ளருக்குள் சேசுராஜ்.
லால்குடிப் பக்கம்.
பகலில் பெட்ரோல் பங்க்,
ராத்திரியில் இது.
பல் கிட்டிக்கொண்டே சொன்னார்.
அக்குளில் வைத்துப் பார்த்தோம்: நூற்றொன்று.
"இது எதுக்கு சார் கையில வச்சுக்கிட்டுத் திரியிறீங்க?"
"உங்களுக்குத்தான்" என்றேன்.
அந்த இரவில் நான் சொன்ன இரண்டாவது பொய்.
சொல்லி முடித்ததும் அது பொய்யாக இல்லை.

"ஒரு பத்து நிமிஷம் பாத்துக்கிறீங்களா?"
அட்டையை விரித்து உள்ளே சுருண்டுகொண்டார்.
நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
ஊரில் விழித்திருக்க என்னைவிடத் தகுதியானவர் யார்?
பணம் எடுக்க வந்த ஒருவன்
என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான்.
நானும் அசைத்தேன், யூனிஃபார்ம் போட்டவன்போல.

அப்போதுதான் கவனித்தேன்,
தலைக்கு மேல் ஏசிப் பெட்டி
ம்ம்ம் என்று
அரைத்துக்கொண்டிருந்தது.

கையைக் கிள்ளிக்கொண்டேன்.
பாக்கெட்டிலிருந்த சில்லறையை எண்ணினேன்.
இன்னொரு தரம் எண்ணினேன்.
மண்ணச்சநல்லூர் முதல் பஸ்
துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனது,
அல்லது
போனதாக ஒரு பஸ்.
"சேசுராஜ், எழுந்திருங்க" என்றேன்.
யாரோ என் தோளைத் தொட்டு
அதையேதான் சொன்னார்கள்,
"சார், எழுந்திருங்க."